பெருங்காய டப்பா மைக்

ஜூன் 2, திங்கள்

உலகம்மாள் இன்று பல்லவர் பாடத்தை வாசிக்கத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். கைபேசியில் பதிந்ததைப் போட்டுக் கேட்டால் மகேந்திரவர்மன் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறான். அவனுக்கு மேலே நம் வீட்டு மின்விசிறி ஓடுகிறது, பக்கத்தில் எதிர்வீட்டு மோட்டார் ஓடுகிறது. இதைக் கேட்டு ஜெபக்கனி என்னத்தைப் படிப்பாள்?

ஜெபக்கனிக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. உலகம்மாளிடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தவள். இப்போது இருபத்தெட்டு வயது. இங்கே பாளையங்கோட்டையில் பெண்கள் விடுதியில் தங்கி, அரசு வேலைத் தேர்வுக்கு மூன்றாவது தடவையாகப் படிக்கிறாள். அதே விடுதியில் அவளைப் போலவே இன்னும் நான்கு பேர். தேர்வு ஆகஸ்ட் கடைசியில். அவர்களுக்கு வேண்டிய வரலாற்றுப் புத்தகம் ஒலிவடிவில் எங்கும் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற டீச்சர் வாசித்துப் பதிந்து கொடுப்பதாக ஏற்பாடு.

"நல்ல மைக்கா ஒண்ணு வாங்கிருவோமா?" என்றாள்.

மில்லில் எலக்ட்ரிக்கல் போர்மேனாக இருந்தவன் பெண்டாட்டி மைக்கை விலைக்கு வாங்குவதாம். கேட்கவே கூச்சமாக இருந்தது. நானே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

ஜங்ஷனில் மைதீன் பாய் கடை. எலெக்ட்ரானிக் சாமான் வேண்டுமென்றால் எனக்கு அந்த ஒரே கடைதான். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்டன்சர் மைக், ஒரு டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி. எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

மதியத்துக்குள் சால்டர் செய்து முடித்தேன். பேசிப் பார்த்தால் பிணம் மாதிரிக் கிடக்கிறது. டிரான்சிஸ்டரை மாற்றினேன். பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுள்ளென்றது. கடைசியில் பார்த்தால் அந்தப் பொத்தானுக்கும் பிளஸ் மைனஸ் உண்டு. உடம்போடு ஒட்டியிருக்கிற கால்தான் மைனஸ். தலைகீழாக வைத்திருக்கிறேன். சர்வீஸில் எத்தனை மோட்டாருக்குக் கனெக்‌ஷன் கொடுத்தவன்! உலகம்மாளிடம் சொல்லவில்லை. "பேட்டரி கொஞ்சம் வீக்கு" என்று சொல்லிவைத்தேன்.

இப்போது பேசுகிறது. பேச்சோடு சேர்ந்து ஒரு 'ம்ம்ம்' வருகிறது. வீட்டு ஒயரிங்கில் ஓடுகிற கரண்ட்டை வாங்கிக்கொண்டு முனகுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

முனகல் நின்றது. மைக்கையும் சர்க்யூட்டையும் ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மைனஸோடு சேர்த்துவிட்டால் வெளியே ஓடுகிற கரண்ட்டின் சேட்டை உள்ளே நுழையாது. அளவான டப்பா ஒன்றுக்காக வீடு முழுக்கத் தேடினேன். சமையலறையில் தகரப் பெருங்காய டப்பா இருந்தது. அச்சில் வார்த்த மாதிரி அளவு. பெருங்காயத்தை ஒரு பாட்டிலில் தட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன்.

"கேக்க மாட்டியளா? அது எங்கம்மா வீட்டுலேர்ந்து கொண்டாந்த டப்பா."

"அதான் ஒரிஜினல் தகரமா இருக்கு."

ஆறு வரி வாசித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். "மைக் முன்னால உக்காந்தா ரசச் சட்டிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்குங்க." எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. போகட்டும், வாடை பதிவாகாது.

ஜூன் 11, புதன்

பல்லவர் படையெடுப்பு, பாண்டியர் பட்டயம். நம் வரலாற்றில் 'ப' கொஞ்சமா நஞ்சமா? ஒவ்வொரு 'ப'வுக்கும் டப்பாவுக்குள் வெடி வெடிக்கிறது. டீ வடிகட்டியில் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டி மைக் முன்னால் நிறுத்தினேன். படையெடுப்பு அடங்கியது. சாயங்காலம் டீயைக் கைக்குட்டையில் வடிகட்டிக் குடித்தோம். உலகம்மாள் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

ஜெபக்கனி ஆட்டோவில் வந்தாள். கையில் மடக்குக் கோல், தோளில் பை. முதல் பாடத்தைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"சார், டீச்சர் எம்பக்கத்துல உக்காந்து சொல்லித் தர மாதிரியே இருக்கு. இத நாங்க அஞ்சு பேரும் கேட்டே பாஸ் பண்ணிருவோம்."

வயிறு குளிர்ந்தது. ஆனாலும் அவள் போன பிறகு நானும் ஒருமுறை ஹெட்போனில் கேட்டேன். ஒரு குறை இருக்கிறது. 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கித் தெரிகிறது. சொற்களுக்கு ஓரம் இல்லை. சின்னப் பெண், நன்றிக்காகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மில்லில் திருப்புளி முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொன்னவன் நான். என் காதுக்குத் தப்பாது. இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும்.

ஜூன் 18, புதன்

வேறு கண்டன்சர் மைக் போட்டேன். அதே மழுக்கம். மைதீன் பாயிடம் சரக்கு சரியில்லை என்று போனில் சண்டை போட்டேன்.

பருப்பு கருகிவிட்டது. உலகம்மாள் குளிக்கப் போகும்போது விசில் வந்தால் அடுப்பை அணைக்கச் சொல்லியிருந்தாள். விசில் வரவே இல்லை. குக்கர் வெயிட்டைக் கழற்றி, துளையில் ஊசி விட்டுச் சுத்தம் செய்து வைத்தேன். அடைப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

பிடித்துவிட்டேன்! டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் போட்டால் கீச்சுக் குரலின் பகுதி மட்டும் கூடுதலாகப் பெருகும். போட்டேன். போதவில்லை. மதிப்பை மாற்றி மாற்றிப் போட்டு, அதற்கு அடுத்து இன்னொரு டிரான்சிஸ்டரும் சேர்த்தேன். அடடா, இப்போதுதான் 'ச' நிமிர்ந்து நிற்கிறது. 'சாளுக்கியர்' என்றால் சாளுக்கியரே வந்து நிற்கிறார்கள்.

உலகம்மாளுக்குக் காட்டினேன். ஹெட்போனை மாட்டியவுடன் கழற்றிவிட்டாள்.

"என்னங்க இது, சீன்னு இரையுது. காதக் குத்துது."

"எங்க இரையுது?"

"பின்னாலேயே வருதே. பாம்பு சீறுன மாதிரி."

திரும்பக் கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. ஒரு இரைச்சலும் கிடையாது. வாசிக்கச் சோம்பல் வந்துவிட்டது போல.

ஜூன் 27, வெள்ளி

கேஸ்காரன் வந்து மணி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம். நான் ஹாலிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அடித்திருந்தால் தெரியாதா? உலகம்மாள் கோயிலிலிருந்து வந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மணியைக் கழற்றிக் காண்டாக்டைத் தேய்த்து மாட்டினேன். பழைய மணி, சத்தம் தேய்ந்துவிட்டது.

இந்த வருஷம் அணில்களும் வருவதில்லை. எதிரே இருக்கும் வேப்பமரத்தில் காலையானால் கத்தித் தீர்க்கும், இப்போது சத்தமே இல்லை. எல்லாம் செல்போன் டவர் செய்கிற வேலையாக இருக்கும். உலகம்மாள் மட்டும் பழக்கத்தில் மதில்மேல் சோற்றுப் பருக்கை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

முறையாகச் செய்துவிடலாம் என்று கைபேசியில் ஒவ்வொரு சுருதியாகச் சத்தம் எழுப்பி, மைக்கின் வெளியீட்டை மீட்டரில் அளந்து, கிராப் தாளில் புள்ளி வைத்தேன். கோடு தட்டையாகப் போய், கீச்சுப் பக்கம் வந்ததும் மலை ஏறுகிற மாதிரி ஏறுகிறது. அப்படி ஏறினால் கேட்பதற்குக் காது கிழிய வேண்டும். எனக்கோ கச்சிதமாக இருக்கிறது. ஆகவே மீட்டர் தப்பு.

மைதீன் பாயிடம் வேறு மீட்டர் இரவல் வாங்கினேன். அதுவும் அதே மலையைத்தான் காட்டுகிறது.

"ரெண்டு மீட்டரு ஒரே பொய்யச் சொல்லுமா அண்ணாச்சி?" என்கிறார்.

"சொல்லும். சீனா சரக்கு. ரெண்டும் ஒரே கம்பெனி."

ஜூலை 6, ஞாயிறு

ஜெபக்கனி வந்தாள். புது மைக்கில் பதிந்த பாடங்களைப் பற்றிக் கேட்டேன். சோழர் முடிந்து விஜயநகரம் வரை கொடுத்தாகிவிட்டது. "நல்லா இருக்கு சார்" என்றாள். சொல்வதற்கு முன்னால் உலகம்மாள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். படித்த களைப்பு போல. தலை வலிக்கிறது என்று காப்பி இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

உலகம்மாளிடம் ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. பாடம் முடிந்தது என்று சொன்ன பிறகும் மைக்கை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பதிவின் கடைசியில் வெறும் மௌனம் ஓடுகிறது. ஏன் என்று கேட்டால், "மூச்சு வாங்குதேன்" என்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம். உள்ளூர் விடுமுறை. பதிவு இல்லை. தேர் பார்த்துவிட்டு அல்வா வாங்கி வந்தோம். வழியெல்லாம் உலகம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். கூட்டத்தில் யாருக்குக் கேட்கும், நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 12, சனி

யோசித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டுவிட்டது. கோளாறு மைக்கில் இல்லை, உலகம்மாளின் காதில். இல்லாத இரைச்சல் கேட்கிறது, டிவி சத்தத்தை நான் சாதாரணமாக வைத்தாலும் குறைக்கச் சொல்கிறாள். வயதானால் காதுக்குள் இரைச்சல் வரும் என்று எங்கோ படித்தேன். பாவம், அவளுக்கே தெரியவில்லை.

பக்குவமாக எடுத்துச் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சரிங்க, செவ்வாக்கிழமை போயிட்டு வந்துருவோம். நீங்களும் கூட வாங்க, எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எதற்கும் பயந்து நான் அவளைப் பார்த்ததில்லை. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

வண்ணார்பேட்டையில் ஒரு காது மருத்துவமனை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுக்கிறார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். உலகம்மாள் வீணை வாசிக்கிறவள் மாதிரி டக் டக்கென்று அழுத்தினாள். சோதனை செய்த பெண் சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு இந்த வயசுக்கு ரொம்ப நல்லாருக்கு" என்றாள்.

"வந்ததே வந்தோம், சாருக்கும் பாத்துருங்கம்மா" என்றாள் உலகம்மாள்.

உட்கார்ந்தேன். முதலில் தடித்த சத்தம் வந்தது, அழுத்தினேன். கொஞ்சம் மெலிந்தது, அழுத்தினேன். பிறகு நின்றுவிட்டது. காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தன் மெஷினைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். நான் கையைக் காட்டிக் கதவைத் திறக்கச் சொன்னேன்.

"உங்க ஹெட்போன்ல வயர் ஒண்ணு விட்டுப்போச்சும்மா. சால்டரிங் அயர்ன் இருந்தாக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல பத்தவச்சுத் தாரேன்."

அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் கண்ணாடிக்கு வெளியே சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஜூலை 16, புதன்

சாரல். ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மருத்துவமனையில் கொடுத்த தாளை இன்றுதான் பிரித்தேன். அதிலும் ஒரு கோடு. தட்டையாக வந்து, கீச்சுப் பக்கம் வந்ததும் பள்ளத்தில் இறங்குகிறது. எனக்கு எங்கேயோ பார்த்த கோடாக இருந்தது. என்னுடைய கிராப் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது மலை, இது பள்ளம். ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் ஒன்றுதான். என் காதில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் மைக்கில் ஏற்றிவைத்திருக்கிறேன். ஒரு மாதமாக நான் பழுது பார்த்தது மைக்கை அல்ல.

குக்கர் வெயிட், வாசல் மணி, அணில், மைதீன் பாய் கொடுத்த மீட்டர். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து முகம் சுட்டது. மில்லில் எல்லாருக்கும் காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். நூல் மில்லுக்குள் காதிலும் பஞ்சா என்று கேலி பேசி வாங்காமல் விட்டவன் நான். மிஷின் சத்தம் கேட்காவிட்டால் என்ன போர்மேன் என்று இருந்தேன்.

உலகம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு தாளையும் காட்டினேன். அதிக நேரம் பார்த்தாள். அவளுக்கு மலையும் பள்ளமும் புரிந்தன.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

"ரெண்டு வருசமாத் தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லாமலா இருந்தேன்? சொன்னப்பல்லாம் டிவியத் தொறந்து பாக்கப் போயிட்டிய."

அவள் கையை என் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. இந்த வயதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று காப்பியைக் குடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஜெபக்கனி வந்ததும் நேராகக் கேட்டுவிட்டேன். "உள்ளதச் சொல்லும்மா. புது மைக் எப்படி இருக்கு?"

மறுபடி டீச்சர் பக்கம் திரும்பினாள். "இனிமே மறைக்காத, சொல்லிரு" என்றாள் உலகம்மாள்.

"ஊசி வச்சுக் குத்துன மாதிரி இருக்கு சார். எம்போன்ல கீச்சக் கொறைக்க வசதி இருக்கு, கொறைச்சு வச்சுக் கேக்கேன். மத்த நாலு பேரும் மெமரி கார்டு போடுற சின்ன ரேடியோலதான் கேக்காவ. அதுல ஒண்ணும் கொறைக்க முடியாது. தலவலி வந்து, சோழருக்கு அப்புறம் அவிய கேக்கவே இல்ல சார்."

தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. நான்கு பெண்கள் என்னால் படிப்பை நிறுத்தியிருக்கிறார்கள். என் காது போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியவில்லை.

"எல்லாத்தையும் மறுபடி வாசிச்சுருதேன்" என்றாள் உலகம்மாள். மறுபடி வாசித்தால் மீதிப் பாடங்களுக்கு நேரம் ஏது? வேண்டாம் என்றேன். ஒரு வாரம் கொடுங்கள், வாசித்ததையே சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதை நம்பிச் சொன்னேன் என்று யோசித்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

வழி அந்த இரண்டு தாளிலேயே இருக்கிறது. மைக் எவ்வளவு ஏற்றியதோ அவ்வளவையும் இறக்க வேண்டும். அதற்கு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் கொண்ட ஒரு சின்ன வடிகட்டி போதும். பதிந்த பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, வடிகட்டி வழியாக அனுப்பி, மறுபக்கம் மறுபடி பதிந்துகொள்வது.

மைதீன் பாயின் மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருமுறைகூட ஹெட்போனை எடுக்கவில்லை. கோடு தட்டையாகிறதா என்பதை மட்டும் பார்த்தேன். காதை நம்பாமல் வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது. பிறகு ஜெபக்கனி ஞாபகம் வந்து, அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

கோடு தட்டையாகிவிட்டது. உலகம்மாள் கேட்டாள். "சீறல் போயிட்டு. ஆனா 'ட' கொஞ்சம் அமுங்குது." ரெசிஸ்டரை மாற்றினேன். "இப்பம் சரி." போனில் ஜெபக்கனிக்குப் போட்டுக்காட்டினோம். அவள் இன்னும் ஒரு சுற்று மாற்றச் சொன்னாள். இந்த வீட்டில் காது அவர்கள் இருவரும்தான், நான் வெறும் கை. நன்றாகத்தான் இருக்கிறது இந்த ஏற்பாடு.

ஜூலை 27, ஞாயிறு

சரிசெய்த பாடங்கள் எல்லாம் விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நான்கு பேரும் சோழரிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டார்களாம். புதுப் பாடங்களுக்கு முதலில் செய்த சர்க்யூட்டையே பெருங்காய டப்பாவுக்குள் மறுபடி வைத்தேன். முதல் நாளே சரியாக இருந்ததைத்தான் இவ்வளவு நாளும் கெடுத்திருக்கிறேன்.

மைதீன் பாய்க்கு மீட்டரைத் திருப்பிக் கொடுத்து விஷயத்தையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எனக்குக் கண்ணாடி போடச் சொன்னப்ப நானும் பல்பத்தான் மாத்துனேன் அண்ணாச்சி" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

காதுக் கருவிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தோம். வர மூன்று வாரம் ஆகுமாம்.

கழற்றி வைத்த மலை ஏறும் சர்க்யூட் மேஜைமேல் சும்மா கிடந்தது. எடுத்து, மிச்சமிருந்த பொத்தான் மைக்கோடு ஒரு சின்னப் பிஸ்கட் டின்னில் வைத்து, சட்டைப்பைக்குள் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

வேப்பமரத்தில் அணில் இருக்கிறது. ஒன்றல்ல, ஒரு குடும்பமே. கத்தித் தீர்க்கின்றன. டவர் எல்லாம் பாவம், சும்மா நிற்கிறது. பால்காரரின் சைக்கிள் செயின் கிறீச்சிடுகிறது. உலகம்மாள் நடந்தால் கால்மெட்டி தரையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. அது எப்போது நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை. அவள் பின்னால் சமையலறை வரை போனேன்.

"எதுக்கு நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலேயே வாரிய?"

சும்மாதான் என்றேன்.

ஜூலை 30, புதன்

பழைய பதிவுகளை என் பிஸ்கட் டின் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாடம் முடிந்து, அந்த மௌனம் வந்தது. அது மௌனம் இல்லை. கிசுகிசுப்பு.

"கனி, கீச்சுச் சத்தத்தக் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. அவியளாக் கண்டுபிடிக்கட்டும். நாம சொன்னா மனசு விட்டுருவாவ. எப்படி இருக்குன்னு கேட்டா நல்லா இருக்குன்னே சொல்லு."

அடுத்த பாடத்தின் கடைசி: "இன்னைக்கு அணிலே வாரதில்லன்னு சொல்லுதாவ. மரத்துல கூட்டமா உக்காந்து இவியளத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

இன்னொன்று: "பிள்ளைகளுக்குத் தலவலின்னு சொன்னியே, இனிமே பொறுக்கக் கூடாது. காதுக் கோளாறு எனக்குத்தான்னு சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுதாவ. நல்லதாப் போச்சு. போயிட்டு வந்து சொல்லுதேன்."

ஆக, விடுதி முழுக்க என் காதைப் பற்றித் தெரிந்திருக்கிறது. பல்லவர், சோழர், விஜயநகரம், அவர்களுக்கு நடுவே இந்த நல்லசிவனின் காது. இந்த ஐந்து பெண்களும் தேர்வில் என்னைப் பற்றி ஒரு கேள்வி வந்தாலும் எழுதிவிடுவார்கள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உலகம்மாளிடம் கேட்டதாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடைசிப் பாடம். உலகம்மாள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெருங்காய டப்பா முன்னால் உட்கார்ந்தாள். நான் ஹாலில், டப்பாவிலிருந்து வரும் ஒயரைப் பிரித்து என் பிஸ்கட் டின் வழியாகக் காதுக்கு வாங்கிக்கொண்டு, மீட்டர் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சுதந்திரப் போராட்டம் நிதானமாக நடந்து முடிந்தது. ஒரு 'ப' கூட வெடிக்கவில்லை. கடைசி வரியை வாசிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

"இத்துடன் புத்தகம் நிறைவடைகிறது. ஜெபக்கனிக்கும் தோழிகளுக்கும் என் வாழ்த்துகள்."

அப்புறம் அந்த இடம் வந்தது. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கனி, நல்லா எழுதுங்க எல்லாரும். பயப்படாதீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அதே கிசுகிசுப்பில், "என்னங்க... கேக்குதா?"

மீட்டர் முள்ளை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தேன்.

"கேக்குதுன்னா சும்மா உக்காந்திருக்காம ஒரு காப்பி போட்டுக் கொண்டாங்க. வாசிச்சு வாசிச்சுத் தொண்ட வறண்டு போச்சு."

டப்பா ஒயரைக் கழற்றிவிட்டு, டின்னைச் சட்டைப்பையில் போட்டு, ஹெட்போனோடு எழுந்து சமையலறைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்தேன். பொங்குவதற்கு முன்னால் பாத்திரத்தின் ஓரத்தில் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும். அது வந்தது, உடனே அணைத்தேன். காப்பியைக் கலந்து, கதவைத் தள்ளி, டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெருங்காய வாடையும் காப்பி வாடையும் சேர்ந்து அடித்தன. உலகம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே, "சீனி பத்தல" என்றாள்.

எடுத்துவந்து போட்டேன்.